முதல் பந்தி லண்டனுக்கு

1867 ஜூலையில் துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் லண்டனுக்கு வந்திருந்தார். அவருக்காக, லண்டனிலிருந்து இந்தியாவை நிர்வகித்த இந்தியா ஆபீஸில் பெரிய நடன விருந்து ஒன்று நடந்தது. கட்டடம் அப்போதுதான் புதிதாக எழும்பியிருந்தது; அதைக் கட்டிய காசு இந்தியாவுடையது. விருந்துச் செலவையும் இந்தியாவின் கணக்கிலேயே எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஒடிசாவில் பத்து லட்சம் பேரளவில் பட்டினியால் மாண்டிருந்தார்கள். சென்னை மாகாணத்தின் வடகோடியான கஞ்சம் மாவட்டமும் அந்தப் பஞ்சத்தில் அடிபட்டது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஹென்றி ஃபாசெட் என்ற உறுப்பினர் இந்த விருந்தைக் கண்டித்துப் பேசினார். இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர். இந்தியாவின் வரவு செலவைப் பற்றி விடாமல் கேள்வி கேட்டதால் அவரை 'இந்தியாவின் உறுப்பினர்' என்றே அழைத்தார்கள். அவர் கேட்டதால் அரசுக்குச் சங்கடம் நேர்ந்திருக்கலாம். பணம் திரும்ப வரவில்லை.

காலனி அரசின் நிதி என்றதும் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கொள்ளை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தொடக்க காலத்துக்கு, குறிப்பாக 1757-க்குப் பிந்தைய வங்காளத்துக்கு, அந்தச் சொல் சரியாகவே பொருந்தும். 1858-க்குப் பிறகு விக்டோரியா ராணியின் பெயரால் நடந்த அரசு வேறு மாதிரி. கணக்குப் பார்த்தே பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த அரசின் கணக்குகள் சுத்தமானவை. ஆண்டுதோறும் அச்சிட்டார்கள், தணிக்கை செய்தார்கள், நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். தாதாபாய் நௌரோஜி, ரொமேஷ் சந்திர தத் போன்றவர்கள் அந்த அரசை எதிர்த்து அடுக்கிய புள்ளிவிவரங்களில் பெரும்பகுதி அதே அரசு வெளியிட்ட அறிக்கைகளிலிருந்து எடுத்தவை. ஒளிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. யாருக்கு முதல் பந்தி, யாருக்கு மிச்சம் என்பதைச் சட்டமே தீர்மானித்துவிட்ட பிறகு ஒளிப்பானேன்?

பிரிட்டன் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டது என்று சமூக ஊடகங்களில் அடிக்கடி சுற்றும் '45 டிரில்லியன் டாலர்' என்ற தொகை எனக்குப் பிடிப்பதில்லை. இரு நூற்றாண்டுக் கணக்குக்குக் கூட்டுவட்டி போட்டுப் பெருக்கினால் எந்தத் தொகையும் வானத்தைத் தொடும். அதைக் கேட்டு வாய் பிளந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். பணம் எந்த வழியாகப் போனது என்பதில்தான் எனக்கு ஆர்வம்.

இந்திய அரசு லண்டனில் செய்ய வேண்டிய செலவுகளுக்கு 'ஹோம் சார்ஜஸ்' என்று பெயர். கடனுக்கு வட்டி, ரயில்வே கம்பெனிகளுக்கு உத்தரவாத வட்டி, ஓய்வு பெற்றுப் போன அதிகாரிகளுக்கும் ராணுவத்தினருக்கும் ஓய்வூதியம், இங்கிலாந்தில் வாங்கிய தளவாடங்கள், இந்தியா ஆபீஸின் நிர்வாகம் எல்லாம் இதில் அடங்கும். இந்தியா மந்திரி என்று நம் பழைய பத்திரிகைகள் எழுதிய அந்த லண்டன் அமைச்சரின் சம்பளமே இந்திய வருவாயிலிருந்துதான் போனது. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அதை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது.

இந்தப் பணம் கப்பலில் மூட்டையாகப் போகவில்லை. சென்னையிலிருந்து தோல் வாங்கும் லண்டன் வியாபாரி ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனிடம் இருப்பது பவுண்டு, சென்னையில் கொடுக்க வேண்டியது ரூபாய். இந்தியா மந்திரியின் நிலை இதற்கு நேர்மாறு. அவருடைய ரூபாய் சென்னை, பம்பாய், கல்கத்தா கஜானாக்களில் இருக்கிறது. லண்டனில் வட்டியும் ஓய்வூதியமும் கொடுக்க அவருக்குப் பவுண்டு வேண்டும். ஆகவே அவர் 'கவுன்சில் பில்' என்ற சீட்டுகளை லண்டனில் வாரந்தோறும் விற்றார். வியாபாரியின் வங்கி பவுண்டு கொடுத்து அந்தச் சீட்டை வாங்கும். சீட்டு கடல் கடந்து இங்கே வரும். கஜானாவில் நீட்டினால் ரூபாய் கிடைக்கும். அந்த ரூபாய் தரகர், மண்டிக்காரர் என்று கைமாறிக் கடைசியில் தோல் கொடுத்தவனிடமோ பருத்தி விளைவித்தவனிடமோ வந்து சேரும்.

கஜானாவுக்கு அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? அவன் கட்டிய நிலவரிக் கிஸ்தியிலிருந்தும் உப்புக்கு அவன் கொடுத்த வரியிலிருந்தும். அதாவது அவனுடைய சரக்குக்கு அவனுடைய வரிப்பணமே விலையாகத் திரும்பி வருகிறது; சரக்கு கப்பலேறிவிட்டது, பவுண்டு லண்டனிலேயே தங்கிவிட்டது. ஏற்றுமதி முழுவதும் இப்படி நடந்ததாகச் சொல்ல முடியாது. இறக்குமதியும் வந்தது, தங்கமும் வெள்ளியும் வந்தன. ஆனால் இந்தியாவின் ஏற்றுமதி இறக்குமதியைவிட ஆண்டுக்காண்டு மிகுந்தே இருந்தும் நாடு பணக்காரநாடாக ஆகாமல் போனதன் ரகசியம் இந்தச் சீட்டில் இருக்கிறது. இதில் பொய்க் கணக்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் பிரமிக்க வைக்கிறது.

ஹோம் சார்ஜஸில் நியாயமான செலவே இல்லை என்று நான் வாதிட மாட்டேன். லண்டன் சந்தையில் இந்திய அரசு 3, 4 சதவீத வட்டிக்குக் கடன் வாங்க முடிந்தது. நம் ஊர் லேவாதேவிக்காரர் கேட்கும் வட்டியோடு ஒப்பிட்டால் அது கொடை. அந்தக் கடனில் ரயில் வந்தது, கால்வாய் வந்தது. ஆனால் அதே பட்டியலில் இருந்த மற்றவற்றையும் பார்க்க வேண்டும். 1857 எழுச்சியை அடக்க ஆன செலவு, சுமார் 4 கோடி பவுண்டு, இந்தியாவின் கடனில் ஏறியது. கம்பெனியிடமிருந்து ஆட்சி ராணிக்குப் போன பிறகும் கம்பெனிப் பங்குதாரர்களுக்கு 10.5 சதவீத ஈவுத்தொகை 1874 வரை இந்திய வருவாயிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 6,30,000 பவுண்டு. அதன்பின் 100 பவுண்டு பங்குக்கு 200 பவுண்டு கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அதையும் இந்தியா கொடுத்தது. பிடிபட்டவனிடமே விலங்குக்கும் விலை வாங்கியது போல.

ரயில்வே உத்தரவாதம் தனிக்கதை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1-இல் ரயில் விட்ட மெட்ராஸ் ரயில்வே உட்பட, தொடக்ககாலக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் முதலீட்டில் 5 சதவீத லாபத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. ரயில் ஓடி லாபம் வந்தால் சரி. வராவிட்டால் குறையை வரிப்பணத்திலிருந்து நிரப்ப வேண்டும். இந்திய அரசின் நிதி உறுப்பினராக, அதாவது நிதியமைச்சர் போன்ற பொறுப்பில், இருந்த வில்லியம் மாஸி பிறகு நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்லும்போது ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: 5 சதவீதம் உறுதியாகிவிட்டால், தான் கொடுத்த பணத்தை ஹூக்ளி ஆற்றில் எறிந்தாலும் செங்கல் சுண்ணாம்பாக மாற்றினாலும் ஆங்கிலேய முதலீட்டாளனுக்கு ஒன்றுதான். சர் ஆர்தர் காட்டன் இதே காலத்தில்தான் ரயிலைவிட நீர்ப்பாசனத்துக்குச் செலவிடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கொள்ளிடத்திலும் தவுளேசுவரத்திலும் அணை கட்டியவரின் பேச்சு லண்டன் பங்குச் சந்தையில் எடுபடவில்லை.

இந்த ஏற்பாட்டின் உண்மையான எடை வெள்ளி விலை விழுந்தபோது தெரிந்தது. இங்கே வரி வசூல் வெள்ளி ரூபாயில். அங்கே கடன் தங்கப் பவுண்டில். 1870-களின் தொடக்கம் வரை ஒரு ரூபாய் ஏறக்குறைய 2 ஷில்லிங் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஜெர்மனி முதலான நாடுகள் தங்க நாணயத்துக்கு மாறியதும் வெள்ளியின் மதிப்பு சரிந்து, 1894 வாக்கில் ரூபாய் 1 ஷில்லிங் 1 பென்ஸை ஒட்டி நின்றது. லண்டனில் 1.5 கோடி பவுண்டு கொடுக்க வேண்டுமென்றால் பழைய விகிதத்தில் 15 கோடி ரூபாய் போதும். புதிய விகிதத்தில் ஏறக்குறைய 27 கோடியே 70 லட்சம். ஒரு சிப்பாய்கூடக் கூடுதலாகச் சேரவில்லை, ஒரு மைல் தண்டவாளம்கூடக் கூடுதலாகப் போடவில்லை. பில் மட்டும் ஏறிவிட்டது. 1893 ஜூனில் நாணயச் சாலைகளில் பொதுமக்கள் வெள்ளி கொடுத்து ரூபாய் அடித்துக்கொள்வதை நிறுத்தி, ரூபாயைச் செயற்கையாக அருமையாக்கி, சில ஆண்டுகளில் 1 ஷில்லிங் 4 பென்ஸில் கட்டி நிறுத்தினார்கள். அப்படித்தான் 15 ரூபாய்க்கு ஒரு பவுண்டு என்ற கணக்கு வந்தது.

இங்கே வேலை பார்த்த ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இந்தச் சரிவால் ஊருக்கு அனுப்பும் பணம் குறைந்தது. அதை ஈடுகட்ட 1893-இல் தனிப்படி கொடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு அப்படி ஒரு படி உண்டா என்று கேட்பது அபத்தம் என்று தெரியும். கேட்டுவைக்கிறேன்.

செலவு இப்படி இறுகிக் கிடந்தால் வரவை யாரிடமிருந்து கூட்டுவது? இதற்கு ஒருமுறை நேர்மையான விடை தேடினார் ஜேம்ஸ் வில்சன். 'எக்கனாமிஸ்ட்' பத்திரிகையை 1843-இல் தொடங்கியவர். முதல் நிதி உறுப்பினராக கல்கத்தாவுக்கு வந்து, 1860 பிப்ரவரி 18 அன்று இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தார். ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு வருமான வரி என்பது அதன் மையம். கையில் இருப்பவனிடம் கேட்பது என்ற அளவில் சரியான யோசனை.

எதிர்ப்பு சென்னையிலிருந்து கிளம்பியது. அப்போதைய சென்னை கவர்னர் சார்ல்ஸ் டிரெவெல்யன், புதிய வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்று ஒரு குறிப்பு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் அதைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். ஒரு கவர்னர் மத்திய அரசை இப்படிச் சந்திக்கு இழுத்தது லண்டனுக்குப் பொறுக்கவில்லை. பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வில்சனும் அதிக நாள் இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதியால் இறந்தார். மூன்று ஆண்டுக்குள் டிரெவெல்யன் திரும்பி வந்தார், வில்சனின் நாற்காலிக்கே! 1865-இல் வருமான வரி காலாவதியானது அவர் காலத்தில்தான். பிறகு 1869-இல் மறுபடி போட்டு 1873-இல் எடுத்தார்கள். 1886-இல்தான் நிலையாக ஊன்றியது. வரி கட்ட வேண்டியவர்கள் ஆங்கிலத்தில் மனுப் போடத் தெரிந்தவர்கள், கல்கத்தா கிளப்பில் நிதி உறுப்பினரோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடியவர்கள். அவ்வளவு எளிதில் நிலைக்குமா?

உப்பு வாங்குகிறவன் மனுப் போட மாட்டான். சென்னை மாகாணத்தில் 1805 முதலே உப்பு அரசின் ஏகபோகம். நிலத்தீர்வை நெடுங்காலம் மொத்த வருவாயில் பாதியை ஒட்டி இருந்தது. வங்காளத்திலும் மாளவத்திலும் விளைந்து சீனாவுக்குப் போன அபின் ஒரு பெரும்பங்கு கொடுத்தது. அபினின் வரவு சீனச் சந்தையைப் பொறுத்தது. தீர்வையை நினைத்தபோதெல்லாம் ஏற்ற முடியாது. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை தீர்வையை மறுபடி நிர்ணயிக்கும் செட்டில்மெண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும். துணிக்கு இறக்குமதி வரி போடலாமென்றால் இங்கிலாந்தின் துணி ஆலை நகரமான மான்செஸ்டர் சும்மா இருக்காது. 1882-இல் அதை அடியோடு எடுக்க வைத்தது. 1890-களில் பற்றாக்குறை தாங்காமல் மறுபடி போட்டபோது, இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 சதவீத வரி போட்டுச் சமன் செய்தார்கள். ஆக, நெருக்கடி வந்தால் உடனே திருகக்கூடிய திருகாணி என்று மிஞ்சியது உப்பு.

தாது வருஷப் பஞ்சத்தை இந்தப் பின்னணியில் படித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. 1876-இல் மழை பொய்த்தது. சென்னை கவர்னர் பக்கிங்காம் கோமகன் நிவாரண வேலைகளைத் திறந்தார். தானியமும் வாங்கி வைக்க முயன்றார். வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளை 1877 ஜனவரியில் இங்கே அனுப்பினார். டெம்பிளின் முன்கதை முக்கியம். 1874-இல் பீகார்ப் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, சாவை ஏறக்குறைய இல்லாமலே செய்தவர் அவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. ஊதாரி என்ற பெயர். அந்தக் களங்கத்தைத் துடைக்கும் வாய்ப்பாகவே சென்னை அவருக்கு வந்தது.

நிவாரண வேலையில் கல் உடைப்பவனுக்கு நாளுக்கு 450 கிராம் அளவு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் உடம்பு கரையும், ஆள் சாவான் என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார். சில மாதங்கள் கழித்துக் கூலியை ஓரளவு உயர்த்தினார்கள். பஞ்சம் முடிந்தபோது சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் மாண்டிருந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. அடையாறையும் கூவத்தையும் இணைத்துச் சென்னைக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டியதுதான்.

டெம்பிளை ஒரு கொடூரனாக மட்டும் காட்டிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அவர் பீகாரில் இருந்த அதே மனிதர். லண்டனுக்குப் போக வேண்டியதை ஒரு பென்ஸ்கூடக் குறைக்க முடியாத பட்ஜெட்டில், குறைக்கக்கூடிய இடம் கல் உடைப்பவனின் தட்டுதான் என்று எந்தக் கெட்டிக்காரக் கணக்காளனும் கண்டுபிடித்திருப்பான். எனக்கு அச்சம் தருவது அதுதான்.

பஞ்சத்தின் வாலில் இன்னொன்றும் நடந்தது. சென்னையில் மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 13 அணாவாக இருந்த உப்பு வரி 2 ரூபாய் 8 அணாவாக ஏறியது. வடக்கே உப்பு வரி அதிகம், தெற்கே குறைவு. சமப்படுத்தினால் கள்ளக்கடத்தலைத் தடுக்க நாட்டின் குறுக்கே போட்டிருந்த முள்வேலி எல்லையை எடுத்துவிடலாம் என்பது அரசின் காரணம். வேலியை 1879-இல் எடுக்கவும் செய்தார்கள். வடக்கே குறைந்தது உண்மை. ஆனால் எலும்பும் தோலுமாகப் பஞ்சத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த மாகாணத்துக்கு அந்த நேரத்தில் அந்த உயர்வு!

அடுத்த பஞ்சத்துக்கென்று ஆண்டுக்கு 1.5 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்து, அதற்காக வணிகர்கள் மேல் லைசென்ஸ் வரியும் சில மாகாணங்களில் நிலத்தின் மேல் கூடுதல் வரியும் போட்டார்கள். 1878-இல் லிட்டன் ஆப்கானிஸ்தான் மேல் படையெடுத்தார். புதிய வரி தொடர்ந்தது. பஞ்ச ஒதுக்கீடு நின்றது. போர்ச் செலவு மதிப்பீட்டைப் போல மூன்று மடங்கானது என்பதும் 1880-இல் வெளிவந்தது. பிரிட்டனின் கிளாட்ஸ்டன் அரசு 50 லட்சம் பவுண்டு கொடுத்துக் கை கழுவியது, மீதி இந்தியாவுடையது.

இதையெல்லாம் லண்டனிலேயே போய்ச் சொன்ன தமிழர் ஒருவர் உண்டு. இந்தியச் செலவுகளை ஆராய 1895-இல் வெல்பி பிரபு தலைமையில் ராயல் கமிஷன் அமைத்தார்கள். நௌரோஜி அதில் உறுப்பினர். 1897-இல் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் சாட்சியம் அளிக்கப் போனவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவர், 'சுதேசமித்திரன்' நிறுவியவர். பாரதிக்கு வேலை கொடுத்தவர் என்று ஒரு வரியில் அவரை அறிமுகம் செய்து முடித்துவிடுகிறோம். நிலத்தீர்வையையும் கிஸ்திக்காக விவசாயி படும் கடனையும் தமிழில் ஒரு பொதுப் பேச்சாக்கியதில் அவர் பங்கு பெரிது. கமிஷன் 1900-இல் அறிக்கை தந்தது. பிரிட்டன் சில சில்லறைச் செலவுகளை ஏற்கலாம் என்றது பெரும்பான்மை. நௌரோஜியும் இன்னும் இருவரும் தனி அறிக்கை எழுதினார்கள்.

மாகாணத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையிலும் இதே வரிசை முறை இருந்தது. 1920-இல் மெஸ்டன் தீர்ப்பின்படி மாகாணங்கள் மத்திய அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை 983 லட்சம் ரூபாய். அதில் சென்னையின் பங்கு 348 லட்சம். பம்பாய்க்கு 56, வங்காளத்துக்கு 63. நீதிக்கட்சி ஆட்சியின் கைகளைத் தொடக்கத்திலேயே கட்டிப்போட்டது இந்தச் சுமை. பள்ளிக்கூடம் திறக்கப் பணம் எங்கே என்றால் சாராயக்கடை ஏலத்தைத்தான் காட்ட வேண்டியிருந்தது. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, போன வருவாய்க்கு ஈடாக 1939-இல் பொது விற்பனை வரியைப் போட்டார். நாட்டிலேயே முதல் முறை. மதுவா விற்பனை வரியா என்ற அந்தக் கணக்கைத் தமிழ்நாட்டு நிதியமைச்சர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது போலத் தோன்றியது. இந்தியாவுக்கு வெளியே நடக்கும் போர்ச் செலவை பிரிட்டன் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தம். பிரிட்டன் சரக்கு வாங்கியது. பணத்தை லண்டனில் கணக்கில் எழுதி வைத்தது. இங்கே சரக்குக் கொடுத்தவர்களுக்கு ரிசர்வ் வங்கி நோட்டு அச்சடித்துக் கொடுத்தது. போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது. விலைவாசி தாறுமாறாக ஏறியது. 1943-இல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேரளவில் செத்ததில் அந்த ஏற்றத்துக்கும் பங்குண்டு. லண்டன் கணக்கில் இந்தியாவுக்கு வர வேண்டிய பாக்கி ஏறக்குறைய 130 கோடி பவுண்டு என்று நின்றது. நூறு ஆண்டுக் கடனாளி கடன் கொடுத்தவனாகிவிட்டான்.

அந்தப் பாக்கியைப் பேசித் தீர்க்க 1948 கோடையில் லண்டன் போன குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். ஜூலையில் உடன்பாடு வந்தது. பிரிட்டிஷார் விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்டைக் கழித்துக்கொண்டார்கள். அடுத்து, இங்கே வேலை பார்த்து ஊர் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியம். இனி வரப்போகும் ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து மத்திய அரசின் பங்கு 14.75 கோடி பவுண்டு, மாகாணங்களின் பங்கு 2.05 கோடி பவுண்டு. அந்த 16.8 கோடியை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு எப்போது தரலாம் என்று பேச்சைத் தொடர்ந்தார்கள்.